படையலுக்கு என்ன வைக்க?

என் வீட்டுக்காரரின் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்குச் சமையல் பேச வந்திருந்த கேட்டரிங்காரர், சாம்பார், ரசம், வடை, பாயசம் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தார். என்ன நினைத்தாரோ, செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்க விட்டுட்டேன். முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சிக்குப் படையல் போடுதியள்லா, அதுக்கு அவுகளுக்கு என்ன பிடிக்கும்னு சொன்னியன்னா நானே தனியாச் செஞ்சு கொண்டாந்துருதேன்."

அந்த மனிதருக்குக் கல்யாணமான மறுநாளிலிருந்து சமைத்துப் போட்டவள் நான். எத்தனை வேளை என்று கணக்குப் போட்டால் வந்துவிடும், நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். ஆனால் அவருக்குப் பிடித்தது இது என்று ஒரு பதார்த்தத்தின் பெயர் என் வாயில் வரவில்லை. கேட்டரிங்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அழப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், யோசித்து போன் போடுங்கள் என்று சொல்லி மெதுவாக எழுந்து போனார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. என் வீட்டுக்காரர் மேலேயே வந்தது.

அவர் தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மல்லியை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்து எந்த ஊர் மல்லி என்று சொல்வார். சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவர் வாக்குதான் கடைசி வாக்கு. யார் வீட்டில் கல்யாணம் வந்தாலும் சமையலுக்கு ஆள் பிடிக்க அவரைத்தான் கூட்டிப் போவார்கள். முன்பெல்லாம் தவசுப்பிள்ளை என்று சொல்வோம். இப்போது அவர்களே கேட்டரிங் என்று சட்டையில் பெயர் அடித்துக்கொண்டு வருகிறார்கள், நாங்களும் கேட்டரிங்காரர் என்றே சொல்லப் பழகிவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கேட்டரிங்காரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்றால், அவர் யாருடைய கல்யாணத்துக்குச் சமைக்கிறாரோ அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பதுதான். மாப்பிள்ளை யார், பெண் யார், நமக்குத் தெரியாது. இன்ன தேதிக்கு இன்ன மண்டபத்தில் நம்ம வேலைதான், வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டரிங்காரரே சொல்லிவிடுவார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரா பெண் வீட்டாரா என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பாடம் எடுத்த பிள்ளைகளின் அப்பா அம்மா யாராவது அங்கன இருந்து தொலைப்பார்கள். அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. ஊரார் கல்யாணத்தில் உட்கார்ந்துகொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, கூட்டில் தேங்காய் சரியாக அரையவில்லை என்று சொல்லிவிட்டு வருவார்.

குறை சொல்வார். அதுதான் அவர். நல்லாருக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வாரா என்று அடுக்களை நிலைக்குப் பின்னால் நின்று காத்திருப்பேன். "புளிக்குழம்பு இன்னும் ஒரு கொதி வந்திருக்கணும்" என்பார். அடுத்த தடவை ஒரு கொதி கூட விட்டால், "கொதி கூடிப் போச்சு" என்பார். நான் ஒரு நாள் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு, நாளையிலிருந்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுநாள் அவரே வைத்தார். வைத்துச் சாப்பிட்டுவிட்டு அதிலும் குறை சொன்னார். அதற்குப் பிறகு நான் நல்லாருக்குக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.

கேட்டரிங்காரர் கேட்டுவிட்டுப் போன கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். முதலில் மகளிடம் கேட்டேன். கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறவள், அப்பா காரியத்துக்காக வந்து உள் அறையில் படுத்திருந்தாள். "அப்பாவுக்கு சாம்பார்ல வெல்லம் போட்டாப் பிடிக்காது, பொரியல்ல மஞ்சப்பொடி போட்டாப் பிடிக்காது" என்று ஆரம்பித்தாள். பிடிக்காததைக் கேட்கவில்லை, பிடித்ததைச் சொல் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, உனக்கே தெரியாதாம்மா என்றாள்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, ஆய்க்குடியில் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று போன் போட்டேன். அவியலில் தயிர் விட்டால் அவனுக்கு ஆகாது என்றார்கள். எள்ளுத் துவையலில் பூண்டு வைத்தால் இலையை மூடிவிடுவான் என்றார்கள். சின்ன வயசில் தேங்குழல் கேட்டு அழுவான் என்று சொல்லிவிட்டு, இல்லை, அது சின்னவன் என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள். கடையில் அவரோடு நெடுங்காலம் கணக்கு எழுதினவர் துட்டி விசாரிக்க வந்திருந்தபோது அவரிடமும் கேட்டேன். எதிர்த்த ஹோட்டல் காப்பியை முதலாளி எப்படி வைவார் என்று நடித்தே காட்டினார். அத்தனை துக்கத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வைத குறைகளை ஊரே மனப்பாடமாக வைத்திருந்தது. அவர் இலையில் என்ன வைக்க என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. படையல் என்பது நமக்காகத்தான், போனவர் வந்தா சாப்பிடப் போகிறார் என்று நான் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறேன். நம் வீடு என்று வரும்போது அப்படி இல்லை. அந்த ஒரு இலையிலாவது அவர் மனசுக்கு ஒத்தது இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு காலம் நான் யாரோடு குடித்தனம் பண்ணினேன் என்று இருந்தது.

அவர் நல்லாருக்கு என்று சொன்ன நாட்கள் இல்லாமல் இல்லை. அது கடைசியில் வந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

போன வருஷம் மாசி மாதம் அவருக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் வைத்தியம் பார்த்தோம். கரண்ட் வைக்கிறது என்று நாங்கள் சொல்கிற கதிர் வைத்தியம். வாரக் கணக்கில் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வரும்போது, புளியறை செக்போஸ்ட் தாண்டினதும் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தச் சொன்னார். மலையாளத்து டீயை அவர் டீ என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், நம் எல்லைக்குள் வந்துதான் குடிப்பார். டிரைவர் வாங்கி வந்த டீயை நான் ஒரு வாய் குடித்தேன். பால் தீய்ந்த வாடை. சரி, கடைக்காரனுக்கு இருக்கிறது இன்றைக்கு என்று நினைத்தேன். அவர் கிளாஸ் முழுவதையும் மெதுவாகக் குடித்து முடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார்.

வலி குறைந்திருக்கிறது, மனசு லேசாகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு இட்லிக்கு நல்லாருக்கு என்றார், மோர்க்குழம்புக்கு நல்லாருக்கு என்றார். ஒரு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் கரைத்த சோற்றை வழித்துச் சாப்பிட்டு எழுந்து போன பிறகு நான் உட்கார்ந்து வாயில் வைத்தால் வெறும் புளித் தண்ணீர். அதற்கும் அவர் நல்லாருக்கு என்றுதான் சொல்லியிருந்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோற்றில் கையை வைத்தபடியே இருந்தேன். அவர் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். கரண்ட் வைத்தால் நாக்கில் ருசி போய்விடும், சிலருக்கு மாதக் கணக்கில் திரும்பி வரும், சிலருக்கு வராது என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் முடிவானது. மதுரைப் பக்கத்து மாப்பிள்ளை. அவர் உடம்பை நினைத்துத் தள்ளிப் போடாமல் ஆவணியிலேயே வைத்துவிடலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டார்கள். சமையலுக்கு யார் என்ற பேச்சு வந்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுத்தவர், சொந்த மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டுமா என்றார்கள். அவர் தலையை ஆட்டினார்.

முதலில் இலஞ்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். யார் வீட்டுக் கல்யாணம் என்று இன்றைக்கும் தெரியாது. என்னை எப்போதும் எதிர்ப் பந்தியில் உட்காரச் சொல்லுகிறவர் அன்றைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பருப்பு வந்தது, சாம்பார் வந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டே, புளி தூக்கலாக இருக்கிறது என்று முணுமுணுத்தேன். உடனே பரிமாறுகிறவரை நிறுத்தி, "ஏலே, புளி தூக்கலா இருக்குன்னு போய் உங்க மாஸ்டர்ட்ட சொல்லு" என்றார் கணீரென்று. கட்டி வந்த தொண்டையில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. ஏற்பாடு என்று யாரும் வாயால் சொன்னதில்லை. வாசுதேவநல்லூரில் அடுத்த கல்யாணத்தில் முணுமுணுக்கவும் வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டதும் என் இடது கை மடியில் இருந்தால் சரி, இலை ஓரத்தைத் தொட்டால் சரியில்லை, என்ன சரியில்லை என்பதை அவர் என் முகத்திலிருந்தே ஊகித்துச் சொல்லிவிடுவார். காரம் என்றால் எனக்குக் கண் கலங்கும், உப்பு என்றால் தண்ணீர் குடிப்பேன். இத்தனை வருஷம் அவர் நாக்கை நம்பிச் சமைத்தவள், என் நாக்கை அவர் நம்ப வேண்டி வந்ததும் எனக்கே என் மேல் சந்தேகம். இது உண்மையிலேயே உறைப்பா, எனக்குத்தான் உறைக்கிறதா என்று ஒவ்வொரு வாய்க்கும் திண்டாடினேன். அந்த வாசுதேவநல்லூர்ப் பந்தியில் என் கை மடியை விட்டு எழவில்லை. அங்கே சமைத்தவரைத்தான் அவர் பிடித்தார். இப்போது செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தவர் அவரேதான்.

மெனு பேசப் பழைய குற்றாலம் ரோட்டில் இருந்த அவருடைய சமையல் கொட்டகைக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மகள் லைவ் தோசை வேண்டும், ஐஸ்கிரீம் வேண்டும், கோபி மஞ்சூரியன் வேண்டும் என்று எல்லாம் போனிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அப்படி எல்லாவற்றுக்கும் சரி என்கிற ஆளே இல்லை அவர், கேட்டரிங்காரருக்கே ஆச்சரியம். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதிதான். தேங்காய்ப் பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, இஞ்சி பச்சை மிளகாய் அரைத்து விட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிகிற எங்கள் ஊர்ச் சொதி. மதுரைக்காரர்கள் சொதி தெரியாதவர்கள், அதனால்தான் அதைப் போட வேண்டும் என்றார். முதல் பால் எப்போது விட வேண்டும், விட்ட பிறகு அடுப்பை எப்போது அணைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார். ருசியே தெரியாத ஒரு மனிதர் ருசியைப் பற்றி அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நான் கொட்டகைக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுவீட்டு அன்றைக்கு முதல் பந்தி ஆரம்பிக்கும் முன்னால், வழக்கப்படி அவருக்குத் தனியாக ஒரு இலை போட்டார்கள். அவர் வாயில் வைத்துச் சரி என்ற பிறகுதான் எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியும் ஆரம்பிக்கும். சம்பந்தி வீட்டாருக்கு யாரோ இவர் பெருமையை அளந்து விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, மாமா எல்லாரும் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். கேட்டரிங்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டிச் சொதியை உள்ளங்கையில் விட்டுக் குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அப்படி ஒரு சொதியை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சொதியை ஒரு வாய் எடுத்து, விரலை நக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"இஞ்சி பத்தாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ருசி வந்துவிட்டது, என் நாக்குக்குப் பிடிபடாதது அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். கேட்டரிங்காரர் சரி அண்ணாச்சி என்று ஓடினார், மதுரைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பந்தி முடியும்வரை என் கால் தரையில் நிற்கவில்லை. மண்டபத்தில் பாத்திரம் அள்ளுகிற நேரத்தில், அவர் ஒரு நாற்காலியில் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்து, நாக்கு வந்துட்டா என்று கேட்டேன். அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

அவர் இல்லை என்று கையை ஆட்டினார். "எல்லாத்தையும் நல்லாருக்கு நல்லாருக்குன்னா எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு கண்டுபிடிச்சிருவாவ ஏட்டி. பிள்ளைக்குத் தெரிஞ்சிரும்." பிறகு, "உன் மூஞ்சியப் பார்த்தேன். சொதி நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அவர் எனக்குச் சொன்ன பாராட்டு என்று கணக்கெடுத்தால் அது ஒன்றுதான். சொதி நான் வைத்ததுகூட இல்லை.

ருசி திரும்பவேயில்லை. தை மாதத்துக்குப் பிறகு கஞ்சியும் பாலும்தான். எது கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். நான் அந்தச் சொல்லைக் கேட்காமல் இருப்பதற்காகவே டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்துவிடுவேன். இந்த ஆனி மாதக் கடைசியில் திருவனந்தபுரத்திலேயே போய்விட்டார். ஆம்புலன்ஸில் கொண்டு வந்தபோது செங்கோட்டை தாண்டி வண்டி நகரவில்லை. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த கார்கள். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டு போட்டுக்கொண்டு அருவிக்குப் போகிற பிள்ளைகள் ஜீப்புக்குள்ளிருந்து எட்டி எங்களைப் பார்த்தார்கள். நான் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வரவில்லை.

படையலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மதினி ஆய்க்குடியிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் யாரையும் அடுக்களைக்குள் விடாமல் தாங்களே கோதுமை ரவை உப்புமா கிண்டினார்கள். சாப்பிட்டுக்கொண்டே, தம்பி என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைத்தான் கிண்டிப் போடுவேன், ஒரு குறை சொல்ல மாட்டான், வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போவான், இதையே படையலுக்கு வைத்துவிடேன் என்றார்கள்.

எனக்கு உப்புமா கையிலேயே நின்றுவிட்டது. மதினி வீட்டு உப்புமாவை அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து வந்ததும் கடைக்குப் போகும் வழியில் இரண்டு வடை வாங்கித் தின்றுவிட்டுத்தான் போவார். பிடிக்காததை அவர் ஒன்றும் சொல்வதில்லை. விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவார். நாக்கு நன்றாக இருந்த காலத்திலும் ஆஸ்பத்திரி ரொட்டியை ஒன்றும் சொன்னதில்லை, ஓட்ஸ் கஞ்சியை ஒன்றும் சொன்னதில்லை. என் புளிக்குழம்பைத்தான் சொல்வார். குழம்பு கொதித்தது போதாது என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் அதையே விட்டுக்கொள்வார். மூன்றாம் தடவை விட்டுக்கொள்ளும்போது மறுபடியும் சொல்வார். வேண்டியதில்தான் அவருக்குக் குறை தெரியும். கணக்கு டீச்சருக்கு இந்தச் சின்னக் கணக்கு பிடிபட அவர் போக வேண்டியிருந்தது.

கேட்டரிங்காரருக்கு போன் போட்டேன். சொதி வேண்டும் என்றேன். அவர், "அது சரிதான் டீச்சர், மறுவீட்டுச் சொதியில இஞ்சி பத்தாதுன்னு சொன்னாவள்லா, இந்தத் தடவை சரியாப் போட்டுருதேன்" என்றார்.

"வேண்டாம். அன்னைக்கு முதல்ல வச்சிருந்ததுக்கும் குறைச்சுப் போடுங்க. சொதிக்குத் தொட்டுக்கிற இஞ்சிப் பச்சடியும் வைக்கக் கூடாது" என்றேன்.

கொறையோட எப்படிச் செய்ய, கை வராதே என்று இழுத்தார். செய்யத் தெரிந்தவருக்குக் குறைக்கத் தெரியாதா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வகுப்பில் கேட்கிற குரல் அது. பிறகு நானே இறங்கி வந்து, எல்லாம் சரியாக இருந்தால் அவர் என்ன சொல்வார், சொல்ல ஒன்று வேண்டாமா என்றேன். சரி டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

படையல் அன்றைக்குக் காலையிலும் மதினி விடவில்லை. சொதி மங்கலச் சாப்பாடு, மாப்பிள்ளைக்கு வைக்கிறது, துட்டி வீட்டில் யாராவது சொதி வைப்பார்களா, ஊர் சிரிக்காதா என்றார்கள். உப்புமாவைத் தள்ளிவிட்டேனே என்ற வருத்தமும் அதில் இருந்தது. ஊர் நாளைக்கு வந்து சாம்பார் சாப்பிடட்டும், இன்றைக்கு இலை அவருக்கு மட்டும்தான் என்றேன். பதினைந்து நாளாக யாரையும் எதிர்த்துப் பேசாதவள் பேசியதில் அவர்களே அடங்கிப் போனார்கள். ஒரு சின்னத் தூக்குச் சட்டியில் செய்து கொண்டு வருவது, வீட்டு ஆட்கள் மட்டும் சாப்பிடுவது என்று முடிவாயிற்று.

சாயங்காலம் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு, புது வேட்டி வைத்து, சாதத்தில் சொதியை விட்டேன். விடும்போதே வாசனையில் தெரிந்தது, கேட்டரிங்காரர் சொன்னபடிதான் செய்திருந்தார். சூடம் காட்டிவிட்டு, எங்கள் வழக்கப்படி எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினோம். போனவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் சாத்தி வைப்பது. வெளியே ஆடிச் சாரல். மகள் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதினி எழுந்து கதவைத் திறந்தார்கள். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு இருந்த தெம்பெல்லாம் அப்போது போய்விட்டது. மதினி இலைச் சோற்றைப் பிசைந்து ஆளுக்கு ஒரு உருண்டை கையில் கொடுத்தார்கள். எல்லாரும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாப்பிள்ளைகூட, அன்றைக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்கிறது அத்தை என்றார். நான் என் கையில் இருந்ததை வாயில் வைக்காமல் நின்றேன்.

மகள் ஒரு வாய் தின்றாள். விரலை நக்கினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"இஞ்சி பத்தாதும்மா" என்றாள்.

நல்லாத்தானே இருக்கு என்று மதினி அதட்டினார்கள். இல்ல அத்தை, இஞ்சி பத்தாது, கேட்டரிங்காரர்ட்ட சொல்லணும் என்று அவள் விடாமல் சொல்லிக்கொண்டே இன்னொரு உருண்டைக்குக் கையை நீட்டினாள். அவர் போன நாளிலிருந்து நான் சத்தம் போட்டு அழவில்லை என்று வந்தவர்கள் எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அழுதேன்.